வகுப்பில் எழுந்து பேசும் பிள்ளை

கடைக்கு வருபவர் மலாய்க்காரரானால் மலாயிலும், தமிழரானால் தமிழிலும், சீனரானால் இரண்டொரு சீனச் சொல்லோடும் பேசி வியாபாரம் நடத்துகிறோம். ஆனால் நம் பிள்ளை, "நாளை வகுப்பில் எல்லார் முன்னும் இங்கிலீஷில் பேசவேண்டும், அத்தா" என்று வந்து நின்றால் நமக்குக் கை ஓடுவதில்லை. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தாண்டாத நாம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று ஒதுங்கிவிடுகிறோம்.

ஒதுங்குவது சரியல்ல. 2021 முதல் எஸ்.பி.எம். பரீட்சையின் இங்கிலீஷ் பாடத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டறிதல் ஆகிய நான்குக்கும் சம மதிப்பெண். கொடுத்த தலைப்பில் ஏறத்தாழ ஒரு நிமிடம் தனியே பேசுவதும் அதில் ஒரு பகுதி. பதினேழு வயதில் வேண்டிய தைரியத்துக்குப் பத்து வயதிலேயே விதை போடவேண்டும்.

நாம் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் மகன் நாலாம் வகுப்பில் இருந்தபோது, படித்த நண்பர் ஒருவரிடம் உயர்ந்த இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி வாங்கி, மதரஸாவில் நாம் சூராக்களை மனனம் செய்தது போலவே அவனையும் மனனம் செய்ய வைத்தோம். மூன்றாம் வரி மறந்தது. பையன் வாயடைத்து நின்றான். வகுப்பு சிரித்தது. வீட்டில் நாமும் ஏசினோம்.

இரவு கணக்கு எழுதும்போதுதான் புத்தி வந்தது. குர்ஆன் ஓதுவதில் ஓர் எழுத்தும் மாறலாகாது. அதற்கு மனனம் அவசியம். பேச்சு அப்படியன்று. ஒரு சொல் மறந்தால் வேறு சொல்லால் சொல்லலாம். இரண்டையும் ஒன்றாக்கியது நம் பிழை; பையன் பிழையன்று.

அடுத்த முறை இவ்விதம் செய்தோம்.

ஒன்று: பிள்ளை கண்டறிந்த பொருளையே எடுக்கவேண்டும். சிம்பாங் அம்பாட்டில் உள்ள நம் மளிகைக் கடையிலிருந்து அவன் ஜாதிக்காயை எடுத்தான்.

இரண்டு: மூன்றே விஷயம். அது என்ன? எங்கிருந்து வந்தது? எதற்கு உதவும்? ஜாதிக்காய் விதை, அதைச் சுற்றிய சிவப்பு வலையே ஜாதிபத்திரி. அதன் தாயகம் பண்டா தீவுகள். இத்தகைய சரக்குகளின் வியாபாரத்துக்காகவே போர்த்துக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தனர். கறிக்கும் மருந்துக்கும் உதவும்.

மூன்று: இதை முதலில் தமிழில் சொல்லச் செய்து, பிறகு "திஸ் இஸ் எ நட்மெக்" என்பது போன்ற சிறு வாக்கியங்களில் இங்கிலீஷில் சொல்லச் செய்தோம். சீட்டில் மூன்று சொல் மாத்திரம் எழுதினோம். உச்சரிப்பை ஆசிரியையிடம் கேட்டுவரச் சொன்னோம்.

நான்கு: முதல் நாள் உம்மா முன், மறுநாள் கல்லாவின் அருகில் நம் முன், மூன்றாம் நாள் பழகிய வாடிக்கைக்காரர் முன் பேச வைத்தோம். நடுவில் குறுக்கிடவில்லை, முடிந்தபின் ஒரே ஒரு திருத்தம் சொன்னோம்.

வகுப்பில் இம்முறையும் நடுவே மறந்ததாம். சீட்டைப் பார்த்தான், மூச்சு விட்டான், தொடர்ந்து முடித்தான். நமக்கு அது போதும்.

நபி மூஸா (அலை) அவர்களே தம் நாவின் முடிச்சு அவிழ இறைவனிடம் வேண்டினார்கள். சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்கும் கேட்டார்கள். பேசத் தயங்குவது குற்றமன்று. துணையின்றி விடுவதே குற்றம். நமக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கேட்பதற்குக் காது உண்டு. கடை அடைக்குமுன் பத்து நிமிடம் அதைப் பிள்ளைக்குக் கொடுப்போமாக.