பழைய விசைக்கார் வாங்குமுன்: மாற்றம் செய்யப்பட்டதா எனக் கண்டறிதல்

சனத்நகர் தொழிற்பேட்டைப் பகுதி. அதையடுத்து மூசாப்பேட்டை, பாலாநகர். இவ்வட்டாரத்தில் வாழும் நம் வாடிக்கையாளர்களில் இளைஞர் பலர் இன்று பழைய கார்க் கடன் கோரி வருகின்றனர். குடும்பக் கார் கேட்போரைக் காட்டிலும் 'வேகமான வண்டி' கேட்போர் கூடியுள்ளனர். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., ஃபியட் அபார்த் புன்டோ போன்றவை அவர்கள் விரும்புவன. இவற்றுள் சில இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. எனவே பழைய சந்தையையே நாட வேண்டியுள்ளது.

இத்தகைய கார்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முந்தைய உரிமையாளர் வேகத்தைக் கூட்டுவதற்காக இன்ஜினில் மாற்றம் செய்திருக்கலாம். விற்குமுன் உதிரிகளைக் கழற்றிப் பழைய நிலைக்குக் கொணர்ந்திருக்கலாம். மாற்றம் செய்த கார் எல்லாம் கெட்ட கார் அன்று. தெரிவித்து விற்கப்படும் மாற்றத்தை விலையில் கழித்துக்கொள்ளலாம். மறைத்து விற்கப்படும் மாற்றமே வாங்குபவரின் பணத்தை விழுங்குகிறது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது. 2019 ஜனவரி 9 அன்று, கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின் வழி வந்த 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என விதிக்கிறது. வண்டி கைமாறியபின் அதனைச் சாலையில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் புதிய உரிமையாளரே.

காப்பீட்டிலும் இடருண்டு. தெரிவிக்கப்படாத மாற்றம் விபத்துக்குப்பின் ஆய்வில் வெளிப்பட்டால், சொந்தச் சேதக் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் குறைக்கவோ மறுக்கவோ இடமுண்டு. வண்டி நொறுங்கினாலும் கடன் தவணை நிற்பதில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

முதற்படி: ஆவணங்கள்

பதிவுச் சான்றிலுள்ள இன்ஜின் எண், சேசிஸ் எண், நிறம், எரிபொருள், கன அளவு ஆகியவற்றை வண்டியுடன் ஒப்பிடுக. எண் பொறித்த இடத்தில் தேய்ப்போ புதுப் பூச்சோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுக. சர்வீஸ் பதிவேட்டைக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் முறையாகப் பழகிய வண்டி, திடீரென ஓரிரு ஆண்டுகள் அங்கு வராதிருந்தால் காரணம் கேட்பது நம் உரிமை. தமிழ்நாட்டிலோ பிற மாநிலத்திலோ பதிவான வண்டியாயின், படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் மறுபதிவும் தேவை. அப்போது வண்டி ஆய்வுக்குச் செல்லும் என்பதால், மறைந்த மாற்றம் அங்கும் இடர் தரும்.

இரண்டாம்படி: கண்ணால் காணல்

வண்டி குளிர்ந்த நிலையில் இருக்கும்போது பார்க்கச் செல்க. "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுக. பின்வருவனவற்றை நிதானமாகக் காண்க.

• இன்ஜின் பகுதியில் போல்ட் தலைகளில் சாவி பட்ட கீறல். தொழிற்சாலை ஸ்பிரிங் கிளிப்புக்கு மாறாகத் திருகுக் கிளிப்பு. நிறமேறிய சிலிக்கான் குழாய். கூம்பு வடிவக் காற்று வடிகட்டி.

• டர்போ அழுத்த உணரியின் இணைப்பில் கூடுதல் வயர் அல்லது டேப் சுற்றிய தடம். ஆற்றல் கூட்டும் பெட்டி அங்கேதான் செருகப்படும்.

• வண்டியின் அடியில், புகைபோக்கிக் குழாயில் புதிய வெல்டிங். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை நீக்கியிருந்தால் இங்கே தெரியும்.

• ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டிய தாளிலுள்ள டயர் அளவும், வண்டியில் உள்ள அளவும்.

• சிவப்பு, மஞ்சள், நீல நிறச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருத்தல்.

மூன்றாம்படி: கணினியைக் கேட்டல்

கண்ணுக்குப் புலப்படாத மாற்றமே மிகுதி. இன்ஜினை ஆளும் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றுவதை 'ரீமேப்' என்பர். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் இதனைச் செய்துவிடலாம்.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-இல் வந்தபோது, அதன் 1.2 லிட்டர் இன்ஜின் 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையும் தந்தது. அதனோடு இணைந்த 7 வேக உலர்கிளட்ச் டி.எஸ்.ஜி. கியர்பெட்டி தாங்கவல்ல உச்சம் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்வோர் அந்த எல்லையை நெருங்கியோ கடந்தோ செல்கின்றனர். இன்ஜின் தாங்கினாலும் கிளட்ச் தேய்கிறது. அந்தச் செலவு அடுத்த உரிமையாளர் தலையில் விழுகிறது.

இதனைக் கண்டறிய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஸ்டியரிங்கின் கீழுள்ள ஓ.பி.டி. இணைப்பில் ஸ்கேனரைச் செருகி, மென்பொருளின் அடையாள எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் படித்துத் தொழிற்சாலை எண்ணுடன் ஒப்பிடுதல். இரண்டாவது, 'ரெடினஸ்' நிலையைக் காணுதல். பல சோதனைகள் 'முடியவில்லை' எனக் காட்டினால், பிழைக் குறிகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம். பேட்டரி கழற்றப்பட்டாலும் இவ்வாறு காட்டும். ஆகவே சில நாட்கள் ஓட்டியபின் மீண்டும் பார்ப்பது நலம். மூன்றாவதே உறுதியானது: அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் பரிசோதித்தல். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் மென்பொருள் மாற்றம் கண்டறியப்பட்டால் 'டி.டி.1' என்ற குறி நிறுவனப் பதிவில் சேசிஸ் எண்ணுடன் நிற்கும். பின்னர்ப் பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் அந்தப் பதிவு மறைவதில்லை.

நான்காம்படி: ஓட்டிப் பார்த்தல்

வெறுஞ்சாலையில், கைமுறைக் கியர் வண்டியாயின், மூன்றாம் அல்லது நான்காம் கியரில் குறைந்த சுழற்சியிலிருந்து ஆக்சலரேட்டரை முழுமையாக அழுத்திப் பாருங்கள். சுழற்சி ஏறி வேகம் ஏறாவிடில் கிளட்ச் நழுவுகிறது. டி.எஸ்.ஜி. வண்டியில் நின்றெழும்போது நடுக்கம் உண்டா என்று காண்க. ஆக்சலரேட்டரை விட்டபின் நீலப்புகை வந்தால், டர்போவிலோ வால்வுகளிலோ எண்ணெய்க் கசிவை ஐயுறலாம்.

ஐந்தாம்படி: ஒப்பந்தமும் கடனும்

இவையனைத்தும் முடியுமுன் 'டோக்கன்' தொகை கொடுக்க வேண்டாம். விற்பனை ஒப்பந்தத்தில் "இன்ஜின், மென்பொருள், சஸ்பென்ஷன், புகைபோக்கி ஆகியவற்றில் செய்யப்பட்ட மாற்றங்கள்" என்ற வரியை விற்பவரே நிரப்பிக் கையொப்பமிடச் செய்க. 'எதுவும் இல்லை' என அவர் எழுதினால், பிற்காலத்தில் அது நம் கையிலுள்ள சான்று. மாற்றம் உண்டெனில், கழற்றிய அசல் உதிரிகளையும் ரசீதுகளையும் கேட்டுப் பெறுக.

வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து, எஞ்சியுள்ள மாற்றங்களை எழுத்தில் அறிவித்துவிடுக. விற்பவரின் வண்டி மீது கடன் நிலுவை இருந்திருந்தால், படிவம் 35 பெற்று அடமானக் குறிப்பு நீக்கப்பட்டதைச் சரிபார்க்கவும்.

கடன் வழங்கும் வங்கிக்கு அந்த வண்டியே ஈடு. மதிப்பீட்டாளர் அறிக்கையில் மாற்றம் குறிக்கப்பட்டால் கடன் தொகை குறையும். ஐயம் நீங்காவிடில் விண்ணப்பம் நிற்கும். இது வாடிக்கையாளருக்கு எதிரான நடவடிக்கை அன்று. சர்வீஸ் நிலையச் சோதனைக்குச் செலவாகும் தொகை, ஒரு கியர்பெட்டியைப் பழுதுபார்க்கும் செலவில் மிகச் சிறு பங்கே. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சோதனை அறிக்கையுடன் நம் கிளைக்கு வாருங்கள். கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.