குண்டு எவ்வளவு தூரம் போக வேண்டும்?

கடலூரில் குண்டு சாலை இருக்கிறது, பக்கத்திலேயே குண்டு உப்பலவாடியும் இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு எங்கே விழுகிறதோ அதுவரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் விடுவாரா? இருப்பதிலேயே தூரம் பாயும் பீரங்கியையும் கை தேர்ந்த பீரங்கிக்காரரையும் அனுப்பிவைத்தார். குண்டு விழுந்த ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள் ஆயின.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. துப்பாக்கி சுடும் விளையாட்டில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் அப்பாக்கள் கேட்கிற முதல் கேள்வியே, "சார், விலையும் கம்மியா இருக்கணும், தூரமாவும் போகணும், எந்தத் தோட்டா வாங்கலாம்?" என்பதுதான். தூரத்தை விடுங்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் கடலூரிலேயே இருக்கிறது. 1999-ல் இந்த ஊரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 251.7 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். அவருக்கும் இலக்குக்கும் நடுவே வெறும் 10 மீட்டர். அந்த இலக்கில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அதைச் சுடுகிற ஈயக் குண்டோ நாலரை மில்லிமீட்டர். குண்டைவிடப் பொட்டு சிறியது!

நம் மாவட்டத்துக்காரர் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. பெரிய தோட்டாவை முதலில் பார்த்து ஓரமாக வைத்துவிடலாம். அமெரிக்காவில் கைக்காசு யோசித்துத் தூரம் சுடுகிறவர்கள் .223-ஆ, .308-ஆ, 2007-ல் வந்த 6.5 கிரீட்மூரா என்று மாதக்கணக்கில் வாதாடுவார்கள். காலி உறையில் வீட்டிலேயே மருந்து நிரப்பிக் காசு மிச்சம் பிடிப்பார்கள். இங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். .303 போன்ற ராணுவத் தோட்டாக்கள் தடை செய்யப்பட்ட துளை வகை. சாதாரண லைசென்ஸ்காரருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது .315. தற்காப்புக்கென்று வாங்குகிறார்கள், வாங்கிக்கொள்ளட்டும். வாரம் நூறு முறை சுட்டுப் பழக அது ஆகாது. லைசென்ஸிலேயே தோட்டாவுக்கு உச்சவரம்பு உண்டு.

அடுத்தது .22. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்.சி.சி.யில் இருந்தவர்களைக் கேளுங்கள். 'பாயிண்ட் டூ டூ' என்று சொல்லும்போதே முகம் மலரும். முகாமில் குப்புறப் படுத்துச் சுட்ட ஐந்து ரவுண்டும், அட்டையில் குரூப்பிங் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்ததும் மறக்காது. நல்ல தோட்டாதான். பட்டாசு மருந்துபோல் சின்னதாக ஒரு வெடி, தோளில் உதை இல்லை, 50 மீட்டருக்கு அருமையான துல்லியம். போட்டிக்கான .22 தோட்டாவை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே, நொடிக்குச் சுமார் 325 மீட்டரில் போகும்படி செய்கிறார்கள். ஒலியைத் தாண்டிப் போன குண்டு வழியில் வேகம் குறைந்து ஒலித்தடையைத் திரும்பக் கடக்கும்போது ஆட்டம் காணும். ஆகவே 'ஹை வெலாசிட்டி' என்று பெட்டியில் எழுதியிருந்தால் இலக்குக்கு அதை எடுக்காதீர்கள்.

.22-க்கு நம் ஊரில் எதிரி கடற்காற்று. பகல் ஏறினால் கிழக்கேயிருந்து வீசத் தொடங்கிவிடும். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று அடித்தால் 50 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் விலகும். பத்தில் விழ வேண்டியது ஏழில் போய் விழும். திறந்தவெளியில் பழகுகிறவர் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, இத்தனூண்டு தோட்டாதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு மைல் தூரம் வரை ஆபத்து என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பின்னால் மண் மேடு இல்லாத இடத்தில், தோப்போ கொல்லையோ, அதைச் சுடவே கூடாது.

லைசென்ஸ் கலெக்டர் அலுவலகத்தில். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, அலைச்சல். ஆயுதம் வைத்துக்கொள்ள 21 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் பயிற்சிக்காக, மேற்பார்வையில் மட்டும் சுடலாம். ரைஃபிள் கிளப் உறுப்பினராகி, சென்னையிலோ திருச்சியிலோ அவர்கள் ரேஞ்சில் அவர்கள் துப்பாக்கியிலேயே சுடுவதுதான் .22-க்கு மலிவான வழி. பஸ் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது .177. அதாவது 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள். இதில் தோட்டாவே கிடையாது. உறையில்லை, மருந்தில்லை, காற்றும் ஈயக் குண்டும்தான். இந்தத் துளையில், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலில் இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். போட்டி ஏர் ரைஃபிள் எட்டு ஜூல் அளவில்தான் சுடும். வரம்புக்கு வெகு கீழே. சிதம்பரம் வீட்டு நடையில், மொட்டை மாடி நீளத்தில், பத்து மீட்டர் எங்கே கிடைக்காது? பின்னால் தடிமனான தடுப்பு வைத்து, குறுக்கே ஆள் வர வழியில்லாமல் செய்துவிட்டால் தினமும் பழகலாம். என் தீர்ப்பு இதற்குத்தான்.

வாங்கும்போது துப்பாக்கியைவிடக் குண்டைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். குண்டில் தட்டைத் தலை, உருண்டைத் தலை என்று இரண்டு. மலிவாகக் கிடைத்ததே என்று நான் முதலில் உருண்டைத் தலை வாங்கினேன். அட்டையில் அது ஓட்டை போடாது, கிழிக்கும். ஒன்பதா பத்தா என்று பூதக்கண்ணாடி வைத்துச் சண்டை போட்டோம். தட்டைத் தலைக் குண்டு பஞ்சிங் மிஷின் போட்டதுபோல் வட்டமாக வெட்டும். 10 மீட்டருக்கு அதுதான். 25 மீட்டருக்கு மேல் போனால்தான் உருண்டைக்கு வேலை.

டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலையளவு போட்டிருப்பார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், செய்யும். எந்த அளவு உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாக ஐந்து அட்டை சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதுவே உங்களுடையது. விலை கூடியதுதான் ஜெயிக்கும் என்று இல்லை. நாளைக்கு நூறு, வாரம் ஐந்து நாள் சுட்டால் 500 குண்டு டப்பா ஒன்று வாரத்தில் தீரும். வருஷத்துக்கு 26,000 குண்டு. குண்டுக்கு பத்துப் பைசா குறைந்தாலும் 2,600 ரூபாய்.

தொடக்கத்துக்கு உள்நாட்டு ஸ்பிரிங் ஏர் ரைஃபிளே போதும். குழலில் எண்ணெய் அதிகம் விட்டால் அழுத்தத்தில் அது பற்றிக்கொண்டு டீசல் எஞ்சின்போல் வெடிக்கும். ஆனால் நம் உப்புக் காற்றுக்கு வெளிப்புறம் எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் பத்தே நாளில் துரு. பிறகு போட்டிக்குச் சிலிண்டர் வகை. அதில் 200 பார் காற்றடிக்கக் கைப்பம்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி ஆக்சிஜனை மட்டும் எந்தக் காலத்திலும் நிரப்பாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்டால் வெடித்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

"இலக்கும் சுடலாம், அப்படியே வயலில் பன்றியையும் விரட்டலாமே?" என்று விருத்தாசலம் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் உண்டு. கூடாது. காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகிறது. காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதித்ததும் வனத்துறையினருக்கு மட்டும்தான். பிச்சாவரத்தில் கொக்கின் மேல் ஏர்கன் நீட்டினாலும் அது வேட்டைதான், வழக்குதான். எலித் தொல்லைக்கு டெல்டாவில் மூங்கில் கிட்டியும், ஆந்தை உட்கார நட்ட கோலும் இருக்கின்றன. குண்டைவிட மலிவு.

டப்பாவின் அடியில் லாட் எண் இருக்கும். ஒத்துவந்த டப்பாவின் எண்ணை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை கடையில் அதே எண்ணைக் கேளுங்கள்; கிடைத்தால் நாலு டப்பாவாக வாங்கிவிடுங்கள்.