ஒரே மீட்டர், இரண்டு வேலை

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது ஓர் அம்மீட்டரைப் பாழாக்கினேன். 12 வோல்ட் கார் பேட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் மீட்டரை இணைத்தேன். முள் 12-ஐக் காட்டியது. இதேபோல் அம்மீட்டரையும் இணைத்தால் ஆம்பியர் தெரிந்துவிடும் என்று எண்ணி அப்படியே செய்தேன். ‘பட்’டென்று ஓர் ஓசை. முள் கடைசிக் கோட்டில் மோதி வளைந்து நின்றது. கருகிய நாற்றம் வேறு!

ஆசிரியர் கோபிக்கவில்லை. “இரண்டு மீட்டருக்குள்ளும் இருப்பது ஒரே கருவிதான். ஒன்று பிழைத்தது, மற்றொன்று எரிந்தது. ஏன்? நாளைக்கு விடையோடு வா” என்றார்.

மாணவ நண்பர்களே, அந்த விடையை நாமும் தேடுவோமா?

உள்ளே என்ன இருக்கிறது?

மின்வழங்கியின் முகப்பில் பதிக்கப்படும் மீட்டரைப் பேனல் மீட்டர் என்பார்கள். முள் உள்ள மீட்டரைத் திறந்தால் ஒரு நிலைக்காந்தமும், அதன் முனைகளுக்கு நடுவே மெல்லிய கம்பிச் சுருளும் தெரியும். சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது திரும்பும். நுண்ணிய சுருள்வில் அதை எதிர்த்து இழுக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் முள்ளின் விலக்கமும் இரு மடங்காகும். பிரான்சு நாட்டின் டார்சன்வால் 1882-இல் இத்தகைய கால்வனாமீட்டரை உருவாக்கினார். 1888-இல் அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் இதைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியாக்கினார்.

நம் மீட்டரின் சுருளுக்கு 100 ஓம் தடை என்றும், 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் முள் கடைசிக் கோட்டைத் தொடும் என்றும் கொள்வோம். அப்போது சுருளின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம் 0.1 வோல்ட் மட்டுமே. இதைக் கொண்டு 15 வோல்ட்டை அளப்பது எப்படி?

ஓம் விதியைக் கேளுங்கள். 15 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் மட்டும் பாய வேண்டுமானால் மொத்தத் தடை 15,000 ஓம். சுருளின் 100 ஓம் போக, 14,900 ஓம் தடையைச் சுருளுடன் தொடராக இணைத்தால் வோல்ட் மீட்டர் தயார்.

1 ஆம்பியரை அளக்க வேண்டுமா? சுருள் தாங்குவது 1 மில்லி ஆம்பியர். மீதி 999 மில்லி ஆம்பியருக்கு வேறு வழி தர வேண்டும். ஷண்ட் எனப்படும் சிறு தடையைச் சுருளுக்குப் பக்க இணைப்பாக வைக்கிறோம். அதன் அளவு 0.1 வோல்ட்டை 0.999 ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 0.1 ஓம். பெரும்பாலும் மாங்கனின் என்ற உலோகக் கலவையால் இதைச் செய்வார்கள். சூடேறினாலும் அதன் தடை மாறுவது மிகக் குறைவு.

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 12 வோல்ட்டில் வோல்ட் மீட்டர் இழுப்பது 0.8 மில்லி ஆம்பியர். அம்மீட்டரோ 120 ஆம்பியரை இழுக்கப் பார்க்கும்! பேட்டரி, கம்பி ஆகியவற்றின் தடையால் இது ஓரளவு குறையும். ஆனாலும் 1 ஆம்பியர் மீட்டர் எரிந்துபோக அதுவே மிக அதிகம்.

எங்கே இணைப்பது?

வோல்ட் மீட்டர் பக்க இணைப்பில். அம்மீட்டர் தொடர் இணைப்பில். ஆனால் வோல்ட் மீட்டரை அம்மீட்டருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? 1 ஆம்பியர் பாயும்போது அம்மீட்டர் 0.1 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. வோல்ட் மீட்டர் முன்னால் இருந்தால் அது 12 காட்டும். பளுவுக்குக் கிடைப்பதோ 11.9 தான். பின்னால் வைத்தால் பளுவின் உண்மையான மின்னழுத்தம் தெரியும். வோல்ட் மீட்டர் எடுக்கும் 0.8 மில்லி ஆம்பியரையும் அம்மீட்டர் சேர்த்துக் காட்டும். அது முள்ளின் பருமனுக்குள் மறைந்துவிடும். ஆகவே பின்னால் வைப்பதே நல்லது.

முட்கள் சொல்லும் செய்தி

12 வோல்ட், 6 வாட் பல்பு ஒன்றை இணைத்துப் பார்ப்போம்.

வோல்ட் 12, ஆம்பியர் 0.5: எல்லாம் சரி. இரண்டையும் பெருக்கினால் 6 வாட்.

வோல்ட் 12, ஆம்பியர் 0: பல்பு போய்விட்டது, அல்லது கம்பி விட்டிருக்கிறது.

வோல்ட் சரிய, ஆம்பியர் முள் எல்லையைத் தாண்டினால்: எங்கோ குறுக்குச்சுற்று. உடனே சுவிட்சை அணையுங்கள். தாமதித்தால் மின்மாற்றி சூடேறிக் கருகும்.

இரண்டும் 0: மின்சாரமே வரவில்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஃபியூஸைப் பாருங்கள்.

வோல்ட் மீட்டர் மட்டும் இருந்தால் முதல் இரண்டு நிலைகளையும் பிரித்தறிய முடியாது. அம்மீட்டர் மட்டும் இருந்தால் இரண்டாவதும் நான்காவதும் ஒன்றாகவே தோன்றும். இரண்டு மீட்டர்களையும் சேர்த்துப் படித்தால்தான் சுற்றின் நிலை முழுவதும் விளங்கும்.

கவனிக்க வேண்டியவை

மின்சாரம் இல்லாதபோது முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் முகப்பிலுள்ள சிறு திருகைத் திருப்பிச் சரி செய்யுங்கள். கூட்டல் குறியிட்ட முனையை நேர்முனைப் பக்கம் இணையுங்கள். முள்ளுக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் படியுங்கள். மின்வழங்கியின் 230 வோல்ட் பக்கத்தை ஆசிரியர் உடன் இல்லாமல் தொடவே கூடாது.

இன்று எண்களாகக் காட்டும் டிஜிட்டல் பேனல் மீட்டர்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் முள் இல்லை. ஆனால் ஆம்பியரை அளக்க அவற்றிலும் பொதுவாக ஒரு ஷண்ட்தான் பயன்படுகிறது. அதன் முனைகளுக்கிடையே தோன்றும் சிறு மின்னழுத்தத்தையே அவை எண்ணாக மாற்றிக் காட்டுகின்றன.

முடிவாக ஒரு கணக்கு. இதே மீட்டர் 5 ஆம்பியர் வரை அளக்க எத்தனை ஓம் ஷண்ட் வேண்டும்? நீங்களே போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 0.02 ஓம் என்று வந்தால், உங்கள் கையில் எந்த அம்மீட்டரும் எரியாது!