வேலை இடத்துல விபத்து: கம்பெனி தப்புன்னு நிரூபிக்கணுமா? நஷ்டஈடு கேட்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை

சம்பளம், சேமிப்பு, இன்சூரன்ஸ்னு நிறைய பேசியிருக்கோம். ஆனா அந்த சம்பளத்தையே நிறுத்திடக்கூடிய ஒரு விஷயத்தை இன்னைக்குப் பார்க்கலாம். வேலை நேரத்துல அடிபட்டா என்ன பண்ணணும்?

நிறைய பேர் நஷ்டஈடே கேட்காம விட்டுடறாங்க. "கவனமில்லாம இருந்தது நான்தானே, கம்பெனி மேல என்ன தப்பு?" அப்படிங்கிற எண்ணம்தான் காரணம். முதல்ல அதை உடைச்சிடலாம். பெரும்பாலான கேஸ்ல கம்பெனியோட அலட்சியத்தை நீங்க நிரூபிக்கவே வேண்டாம். எந்த வழியில பணம் கேட்கறீங்க என்பதைப் பொறுத்துதான் எதை நிரூபிக்கணும்னு முடிவாகும். வழி மூணு இருக்கு.

வழி 1: இஎஸ்ஐ

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து, கம்பெனியும் இஎஸ்ஐ வரம்புக்குள்ள வந்தா இதுதான் உங்க வழி. உங்க சம்பளத்துல 0.75%, கம்பெனி பங்கு 3.25%. பே ஸ்லிப்ல பார்த்திருப்பீங்க.

வேலையில காயம்பட்டு ஓய்வில் இருந்தா, சராசரி தினக்கூலியில சுமார் 90% கிடைக்கும். இத்தனை மாசம் சந்தா கட்டியிருக்கணும்னு நிபந்தனை இல்லை. வேலையில சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. நிரந்தர ஊனம் ஏற்பட்டா, மெடிக்கல் போர்டு சொல்ற சதவீதத்துக்கு ஏத்தபடி தொடர்ந்து பணம் வரும்.

ஒண்ணு முக்கியம். இஎஸ்ஐ-ல இருக்கறவர் அதே காயத்துக்காக கம்பெனி மேல தனியா நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. உச்ச நீதிமன்றம் 1997-லேயே இதைத் தெளிவா சொல்லிடுச்சு. அதனால அலட்சியத்தை நிரூபிக்க அலையறதை விட, இது "வேலை தொடர்பான காயம்"னு பதிவாக வைக்கிறதுதான் உங்க வேலை.

வழி 2: தொழிலாளர் இழப்பீடு

இஎஸ்ஐ இல்லாத தொழிற்சாலை, கட்டுமானம், டிரைவர் போன்ற வேலைகளுக்கு 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கு. அடிப்படை மாறலை: யார் தப்புன்னு கேள்வி கிடையாது. நீங்க காட்ட வேண்டியது நாலே விஷயம்.

- நீங்க அங்கே வேலை செய்தவர்
- வேலை காரணமா, வேலை நேரத்துல விபத்து நடந்தது
- உங்க வயது, சம்பளம்
- சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைஞ்சிருக்கு

விதிவிலக்கும் இருக்கு. குடிபோதையில இருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேணும்னே மீறினாலோ, மெஷின் கார்டை வேணும்னே கழட்டினாலோ கம்பெனி மறுக்கலாம். ஆனா மரணம் அல்லது முழு நிரந்தர ஊனம்னா அப்பவும் மறுக்க முடியாது. ஒரு நிமிஷ கவனக்குறைவு வேற, வேணும்னே மீறுறது வேற. இதைக் குழப்பிக்காதீங்க.

ஒரு கணக்கு போடுவோம். கற்பனை உதாரணம்தான். கார்த்திக், வயது 25, பிரஸ் மெஷின் ஆபரேட்டர், சம்பளம் 24,000, இஎஸ்ஐ கிடையாது. ஆள்காட்டி விரல் முழுசா போயிடுச்சு. அதுக்கு அட்டவணை சொல்ற இழப்பு 14%. கணக்குக்கு எடுக்கிற சம்பள உச்சவரம்பு 15,000 (2020 ஜனவரி அறிவிப்புப்படி). 25 வயசுக்கான காரணி 216.91.

15,000-ல 60% = 9,000
9,000 × 216.91 = 19,52,190
அதுல 14% = சுமார் 2,73,300 ரூபாய்

சிகிச்சைச் செலவு இதுக்கு மேல தனி. பழைய சட்டத்துல, ஒரு மாசத்துக்கு மேல தாமதிச்சா ஆண்டுக்கு 12% வட்டியும், சரியான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50% வரை அபராதமும் உண்டு. இப்ப யோசிங்க. "இருபதாயிரம் வாங்கிக்க, இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடு"ன்னு சொன்னா எவ்வளவு இழப்பு? உரிமையை விட்டுக்கொடுக்கிற அந்த மாதிரி ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் போராடறது கஷ்டம். போடாதீங்க.

கான்ட்ராக்டர் மூலமா வேலை பார்க்கிறவங்க, வேலை நடந்த கம்பெனிகிட்டயே கேட்கலாம். மனு கொடுக்க வேண்டிய இடம் தொழிலாளர் துறையில இருக்கிற இழப்பீட்டு ஆணையர். இரண்டு வருஷத்துக்குள்ள கொடுத்துடணும்.

வழி 3: சிவில் கோர்ட்

அலட்சியத்தை நிரூபிக்க வேண்டிய இடம் இதுதான். இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிய ஆபீஸ் ஊழியர்களுக்குப் பெரும்பாலும் இந்த வழிதான் மிஞ்சும். இழப்பீட்டுச் சட்டத்துக்குள்ள வர்றவங்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனா ஒரே காயத்துக்கு ரெண்டு இடத்துலயும் கேட்க முடியாது.

காட்ட வேண்டியது: கம்பெனிக்குப் பாதுகாப்புக் கடமை இருந்தது, அதை மீறினாங்க, அந்த மீறலால்தான் அடிபட்டது, அதனால இவ்வளவு நஷ்டம். இதுல "மீறினாங்க" என்பதுதான் கஷ்டமான பகுதி. அதுக்கு வலுவான ஆதாரம், விபத்துக்கு முன்னாடியே நீங்க அனுப்பின புகார். "லிஃப்ட் கதவு சரியில்லை", "மெஷினுக்கு கார்டு இல்லை"ன்னு ஒரு மெயில் போயிருந்தா, எங்களுக்குத் தெரியாதுன்னு அவங்க சொல்ல முடியாது. வாயால சொன்னது கோர்ட்ல நிக்கறது கஷ்டம்.

முதல் 48 மணி நேரம்

எந்த வழியா இருந்தாலும் கேஸ் ஜெயிக்கறதும் தோக்கறதும் பெரும்பாலும் இங்கதான்.

1. ஆஸ்பத்திரில உண்மையைச் சொல்லுங்க. "வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவை நாங்க பாத்துக்கறோம்"னு சூப்பர்வைசர் சொல்லலாம். டாக்டர் எழுதற ஏ.ஆர். காப்பியில அப்படிப் பதிவாயிட்டா, அதை மாத்தறது ரொம்ப சிரமம்.
2. அன்னைக்கே ஹெச்ஆருக்கு மெயில் அனுப்புங்க. தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தாங்க. முடியலைன்னா வீட்டுல ஒருத்தரை அனுப்பச் சொல்லுங்க.
3. சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அதே மெயில்ல எழுதுங்க. பழைய பதிவு சில நாள்லயே அழிஞ்சுடும்.
4. விபத்து நடந்த இடத்தை, மெஷினை போட்டோ எடுக்கச் சொல்லுங்க. மறுநாள் புது கார்டு மாட்டியிருப்பாங்க.
5. இஎஸ்ஐ இருந்தா, விபத்து அறிக்கையை கம்பெனி 24 மணி நேரத்துல அனுப்பணும். அனுப்பலைன்னா நீங்களே கிளை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்க.
6. பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்லும் ஒரே ஃபோல்டர்ல வைங்க.

பண விஷயமா கடைசியா ஒண்ணு. நஷ்டஈடு கைக்கு வர மாசங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். அதுவரை வாடகையும் இஎம்ஐயும் காத்திருக்காது. அதனால ஆறு மாச அவசர நிதியும், ஒரு தனிநபர் விபத்து காப்பீடும் வச்சுக்கோங்க. காப்பீடு எடுக்கும்போது தற்காலிக ஊனத்துக்கு வாராவாரம் பணம் தருமான்னு பாருங்க.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை செய்ங்க: பே ஸ்லிப்பை எடுத்து இஎஸ்ஐ பிடித்தம் இருக்கான்னு பாருங்க. உங்க வழி எதுன்னு அதுலயே பாதி தெரிஞ்சுடும். ஷிப்ட்ல வேலை பார்க்கிற நண்பருக்கு இதை அனுப்புங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!