குடும்பப் பாடம்: மாதவிடாய் நின்றபின் தாயின் உடல்நலம்

மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், 12 ஆண்டுகளாய் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணைக் காண்கின்றோம். அவள் கூட்டத்தினுள் மறைவாக வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். அவரோ அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மகளே என்றழைத்து, சமாதானத்தோடு அனுப்பிவைத்தார். நம் வீடுகளிலும் தம் வருத்தத்தை மறைத்து வைக்கும் தாய்மார் உளர்.

மாதவிடாய் நிற்பது நோயன்று. இறைவன் வகுத்த இயற்கை ஒழுங்கு. பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழும். தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் நின்றுவிட்டதெனக் கொள்ளலாம். சூலகங்களில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதனால் திடீரென உடம்பு கொதித்து வியர்க்கும், நித்திரை குழம்பும், எரிச்சலும் அழுகையும் வரும். கணவன்மாரே, பிள்ளைகளே, "அம்மாவின் குணம் கெட்டுவிட்டது" என்று பழிக்காதீர்கள். வேலையில் கைகொடுங்கள்.

மெல்லிய பருத்தி உடை, நாள்தோறும் நடை, இரவில் தேநீர், கோப்பி, உறைப்பைக் குறைத்தல் என்பன ஆறுதல் தரும். எலும்பு மெலியுமாதலால் பால், நெத்தலி, எள்ளு, கீரை வகைகளை உண்ணவேண்டும். வருத்தம் தாங்கமுடியாவிடில் ஹோர்மோன் மருந்து உதவலாம். ஆனால் வைத்தியர் சொல்லாமல் அதை எடுக்கலாகாது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். பெரும்பாலும் சிறிய காரணமாகவே இருக்கும். எனினும் அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். நேரத்தோடு கண்டால் குணப்படுத்தலாம். வெட்கத்தால் ஒளித்தால் உயிருக்கே ஆபத்து.

நமது நாட்டில் 1996-இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில், 35 வயதிலிருந்து பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன இலவசமாகச் சோதிக்கப்படுகின்றன. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளும் இடமும் கேட்டறியுங்கள். செபித்தால் போதும், வைத்தியம் எதற்கு என்போர் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும். வைத்தியரைப் படைத்தவரும் ஆண்டவரே என அது கற்பிக்கின்றது.

வீட்டில் சிந்திக்க:
1. நம் தாய் கடைசியாக வைத்தியரிடம் சென்றது எப்போது?
2. தன் வருத்தத்தை அவர் கூச்சமின்றிச் சொல்ல நம் வீட்டில் இடமுண்டா?
3. அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவர் யார்?