மீக்கடத்திக்கு இரும்பு ஆகாதா?



தோட்டத்து மோட்டார் ரெண்டு மணி நேரம் ஓடின பிறகு மேலே கை வெச்சுப் பாருங்க. சுடுதுங்களா? உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின் மின்தடைதான் முக்கியக் காரணம். கரண்டில் ஒரு பங்கு இப்படி வெப்பமாகவே வீணாகிறது.

மின்தடையே இல்லாத பொருள் மீக்கடத்தி. 1911-ல் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை திடீரென மறைந்தது. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் செல்லும். சாதாரண மீக்கடத்தியில் காந்தத் தன்மையுள்ள அணு கலந்தால் அந்த ஜோடி பிரிந்துவிடும். அதனால் "இதுக்கு இரும்பு ஆகவே ஆகாது" என்று ரொம்ப நாள் நினைத்தார்கள்.

2008-ல் ஜப்பானின் ஹிதேயோ ஹோசோனோ குழு, இரும்பும் ஆர்சனிக்கும் உள்ள ஒரு சேர்மம் 26 கெல்வினில் மீக்கடத்தி ஆவதைக் காட்டியது. எல்லாருக்கும் ஆச்சரியம்!

ரகசியம், இரும்பு அணுவின் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. நம்மூர் பவுண்டரியில் உருக்கிய இரும்பில் கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்தால், பட்டென்று உடையும் வார்ப்பு வளைந்துகொடுக்கும் எஸ்.ஜி. இரும்பாகிறது அல்லவா? இங்கும் சேர்க்கை மாறினால் குணம் மாறும்.

பேரியம்-இரும்பு-ஆர்சனிக் சேர்மத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு இரும்பு அணுவைச் சுற்றியும் நான்கு ஆர்சனிக் அணுக்கள், நான்முகி வடிவில். மின்சாரத்தைச் சுமப்பது முக்கியமாக இரும்பின் 3டி எலக்ட்ரான்கள். காந்தத் தன்மை தருவதும் அவையேதான்! சுமார் 140 கெல்வினுக்குக் கீழே இரும்பின் குட்டிக் காந்தங்கள் வரிசை கட்டும்: ஒரு திசையில் பக்கத்து அணுக்கள் ஒரே பக்கம் பார்க்கும், குறுக்குத் திசையில் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும். இந்த வரிசை தளராதவரை மீக்கடத்தல் வராது.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இரும்பில் ஒரு பகுதிக்குப் பதிலாக ருத்தேனியம் சேர்த்தார்கள். தனிம அட்டவணையில் அது இரும்புக்கு நேர் கீழே உள்ளது. அதனால் வெளி எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் அணு பெரிசு. எலக்ட்ரான்கள் இன்னும் பரந்து இருக்கும். காந்த வரிசை தளர்ந்தது. 20 கெல்வினை ஒட்டி மீக்கடத்தல் வந்தது!

அப்போ ஜோடியைச் சேர்த்து வைப்பது எது? இன்னும் முடிவாகவில்லை. வரிசை கலைந்த பிறகும் மிஞ்சும் காந்த அசைவுகள்தான் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால், பிரிப்பதாக நினைத்த காந்தமே இங்கே சேர்த்தும் வைக்கிறது!

20 கெல்வின் என்பது மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். நம்ம மோட்டாருக்கு அது எட்டாத குளிர். அந்த ஜோடியின் காரணம் தெளிவானால், குளிர் குறைவாகத் தேவைப்படும் பொருளைத் தேடுவது எளிதாகும்.

கேள்வி: நம் வகுப்பறை 30 டிகிரி செல்சியஸ் என்றால், எத்தனை கெல்வின்? விடையை அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்க!