மண் அரிப்பை அளக்க உதவும் காஸ்மிக் கதிர்கள்

மண் வளம் நாட்டின் அடிப்படைச் செல்வங்களுள் ஒன்று. அது அரிக்கப்படும் அளவை அறிந்தாலன்றி அதனைக் காக்கும் திட்டங்களை வகுக்க இயலாது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஹெக்டேருக்குச் சராசரியாக 16.35 டன் மண் இடம்பெயர்கிறது என 1983-இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறியது. இதில் 29 சதவிகிதம் கடலை அடைகிறது. சுமார் 10 சதவிகிதம் நீர்த்தேக்கங்களில் படிகிறது. எஞ்சியது ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் பெயர்கிறது என்றும் அம்மதிப்பீடு தெரிவித்தது.

ஆயினும் இத்தகைய கணக்கு ஒரு வினாவிற்கு விடை தருவதில்லை. மனிதனின் கை படாதிருந்தால் இந்த மண்ணில் எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கும்? ஆற்று நீரிலுள்ள வண்டலை அளப்பதும், நீர்த்தேக்கத்தின் ஆழத்தை அளப்பதும் சில பத்தாண்டுகளின் நிலையையே காட்டும். இயற்கை அரிப்பின் வேகத்தை அறிய ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சராசரி வேண்டும். அச்சராசரி பாறையின் உள்ளேயே பதிவாகியுள்ளது.

பாறையில் பதியும் கணக்கு

விண்வெளியிலிருந்து இடையறாது வரும் காஸ்மிக் கதிர்களை 1912-இல் விக்டர் ஹெஸ் கண்டறிந்தார். இவை காற்று மண்டலத்தில் மோதும்போது தோன்றும் நியூட்ரான்களில் ஒரு பகுதி தரையை எட்டுகிறது. அவை குவார்ட்ஸ் எனும் கனிமத்திலுள்ள ஆக்சிஜன் அணுக்கருவைத் தாக்கிச் சிதைக்கும்போது பெரிலியம்-10 என்னும் ஐசோடோப்பு உண்டாகிறது. கடல் மட்டத்தில், துருவங்களை அடுத்த பகுதிகளில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு அணுக்களே இவ்வாறு தோன்றுகின்றன. மலை உயர உயர இவ்வெண்ணிக்கை கூடும். பெரிலியம்-10 சுமார் 14 லட்சம் ஆண்டுகளில்தான் பாதியாகக் குறையும். ஆதலின் நெடுங்காலக் கணக்கிற்கு அது ஏற்றது.

இந்நியூட்ரான்கள் பாறைக்குள் ஆழமாக ஊடுருவுவதில்லை. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்தில் அவற்றின் வலிமை மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்துவிடுகிறது. மேற்பரப்பு மெதுவாகத் தேயுமாயின் ஒவ்வொரு மணல் துகளும் இந்த அடுக்கில் நெடுநாள் தங்கி, மிகுதியான பெரிலியத்தைச் சேர்த்துக்கொள்ளும். விரைவாகத் தேயுமாயின் குறைவாகவே சேர்க்கும். எனவே பெரிலியம் மிகுந்தால் அரிப்பு குறைவு. குறைந்தால் அரிப்பு மிகுதி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கு பொருந்தும். ஆறு தன் படுகை முழுவதிலுமிருந்து மணலைக் கொணர்ந்து கலக்கிறது. ஆகவே கீழ்ப்பகுதியில் எடுக்கும் சிறிதளவு மணலே படுகையின் சராசரி அரிப்பைத் தெரிவித்துவிடும்.

இத்துறையில் இந்தியர் பங்கு பெரிது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பெர்னார்டு பீட்டர்ஸிடம் பயின்று, 1972 முதல் 1983 வரை அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராக விளங்கிய தேவேந்திர லால், 1991-இல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறைக்குரிய கணித அடிப்படையைத் தெளிவுபடுத்தினார். மிகச் சொற்பமான இந்த அணுக்களை எண்ணுவதற்குத் துகள் முடுக்கியுடன் இணைந்த நிறமாலைமானி தேவை. புதுதில்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் இவ்வசதி உள்ளது.

இரு மலைகள், இரு முடிவுகள்

கங்கையின் மேல் படுகை மணலைக் கொண்டு நடத்தப்பெற்று 2003-இல் வெளியான ஆய்வின்படி, உயர் இமயப் பகுதி ஆண்டுக்குச் சுமார் 2.7 மில்லிமீட்டர் தேய்கிறது. இது ஹெக்டேருக்கு 70 டன்னுக்கும் மேற்பட்ட பாறைக்குச் சமம். உயர்ந்துகொண்டேயிருக்கும் இளமலையில் இது பெரிதும் இயற்கையின் செயலே.

அதே ஆண்டில், இலங்கை மத்திய மலைநாட்டில் மகாவலி ஆற்றின் மேல் படுகை பற்றிய ஆய்வும் வெளியாயிற்று. அங்கு இயற்கை அரிப்பு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 0.13 முதல் 0.30 டன் வரையே. காடழித்துத் தேயிலையும் பிற பயிர்களும் வளர்க்கப்படும் படுகைகளிலோ ஆற்று வண்டல் 1.3 முதல் 21 டன் வரை உள்ளது. அதாவது, மண் இயற்கை அளவைப் போல் பத்து முதல் நூறு மடங்கு விரைவாக இழக்கப்படுகிறது.

இவ்விரண்டும் திட்டமிடுவோருக்கு வெவ்வேறு பாடங்களைக் கற்பிக்கின்றன. உயர் இமயத்து ஆறுகளில் மரம் நடுவதால் மட்டும் வண்டலைத் தடுத்துவிட முடியாது. வண்டல் வரும் என்று கொண்டே அணைகளையும் வண்டல் போக்கிகளையும் அமைத்தல் வேண்டும். பழமையான பாறைகளாலான மலைச்சரிவுகளில் வண்டலின் பெரும்பகுதி மனிதன் நிலத்தைப் பயன்படுத்தும் முறையால் வருவது. அங்கு படிவரிசை வயல்களும், சம உயரக் கரைகளும், நிலமூடு பயிர்களும் உறுதியான பயன் தரும். நம் நாட்டில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4.5 முதல் 11.2 டன் வரை மண் இழப்பைத் தாங்கத்தக்கதாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். மகாவலிப் படுகையின் இயற்கை அளவோ இதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அத்தகைய நிலத்தில் இவ்வரம்பைப் பின்பற்றினால், மண் சிறிது சிறிதாகத் தீர்ந்துவிடும்.

முறையின் எல்லைகள்

இம்முறை எங்கும் பொருந்துவதன்று. குவார்ட்ஸ் அரிதாயுள்ள தக்காணத்து எரிமலைப் பாறைகளில் இதனைக் கையாளுதல் கடினம். பெரும் நிலச்சரிவு ஆழத்துப் பாறையைத் திடீரென ஆற்றில் கொட்டினால் அரிப்பு மிகையாகத் தோன்றும். மேலும், ஆண்டுக்கு ஆண்டு நேரும் மாற்றத்தை இது காட்டாது; ஆற்று வண்டல் அளவீட்டிற்கு இது துணையேயன்றி மாற்றன்று.

இரு அளவீடுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் இயற்கையின் பங்கும் மனிதனின் பங்கும் பிரிந்து தெரியும். நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டிற்கு நிதி ஒதுக்குமுன் ஒவ்வொரு படுகையின் இயற்கை அரிப்பு அளவையும் அறிந்துகொள்வது, செலவிடும் பணம் பயன் தரும் இடத்தைச் சென்றடைய வழிசெய்யும்.